அவர்கள் பாலைவனம், நம் வயல்

ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் இந்திய ரயில் பாதை முடியும் இடம் முனாபாவ். வேலிக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கோக்ராபார். 1965 போரோடு அறுந்துபோன இந்தத் தடத்தில் 2006-ல் தார் எக்ஸ்பிரஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. 2019 ஆகஸ்டில் அதுவும் நின்றது. ஆனால் ரயில் ஓடாத காலத்திலும் இந்த எல்லையை நடந்தே கடந்து, சாயங்காலத்துக்குள் ஊர் திரும்பிய சிலர் உண்டு. அவர்கள் அமைச்சர்களும் அல்ல, தூதர்களும் அல்ல. இரு நாட்டு வேளாண் துறைகளில் வேலை பார்க்கும் பூச்சியியல் அதிகாரிகள்.

1977-ல் ஆரம்பித்த ஏற்பாடு இது. மழைக்காலத்தை ஒட்டி, ஒருமுறை முனாபாவில், அடுத்தமுறை கோக்ராபாரில் சந்திப்பார்கள். எங்கே எவ்வளவு மழை பெய்தது, எந்தப் பக்கம் பசுமை தெரிகிறது, யார் எல்லைக்குள் எத்தனை வெட்டுக்கிளி கண்ணில் பட்டது என்று பேசுவார்கள். நடுவில் சில ஆண்டுகள், அவரவர் எல்லைக்குள் சிறப்புக் கணக்கெடுப்பு என்ற அளவில் ஓடியது. 2005 முதல் 2019 வரை, 2011 ஒன்றைத் தவிர, எல்லா ஆண்டும் சந்திப்பு நடந்திருக்கிறது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்து, இரு நாடுகளும் முகம் கொடுத்துப் பேசாத காலத்திலும் இது நிற்கவில்லை. கிரிக்கெட் நின்றது, பின்னாளில் ரயிலும் நின்றது. வெட்டுக்கிளிப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

இதை நல்லெண்ணம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. இரண்டு பக்கத்துக்கும் வேறு வழி இல்லை. அந்தப் பூச்சி வளரும் இடம் ஒரு நாடு, தின்னும் இடம் இன்னொரு நாடு. அடுத்தவன் பாலைவனத்தில் இன்று என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால், இரண்டு மாதம் கழித்து நம் வயலில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

தொடையில் தொட்டால் போதும்

பாலைவன வெட்டுக்கிளி பெரும்பாலான ஆண்டுகளில் யாருக்கும் தொந்தரவு தராத பூச்சி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவின் தார் பாலைவனம் வரை, 30 நாடுகளில், சுமார் 1.6 கோடி சதுர கிலோமீட்டர் வறண்ட நிலத்தில் சிதறிக் கிடக்கும். ஒன்றை ஒன்று கண்டால் விலகிப் போகும். மண்நிறத்தில் இருக்கும், இரவில் பறக்கும். அந்த நிலையில் அது இருப்பதே உள்ளூர்க்காரருக்குத் தெரியாது.

நல்ல மழை பெய்தால் கதை மாறுகிறது. ஈரமணலில் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டைக் கூடு வைக்கும். இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். இன்னும் ஐந்தாறு வாரத்தில் இறக்கை முளைக்கும். ஒரு தலைமுறையில் எண்ணிக்கை 20 மடங்கு ஆகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்தால் ஆறு மாதத்தில் 400 மடங்கு, ஒன்பது மாதத்தில் 8,000 மடங்கு. மழை ஓய்ந்து பசுமை சுருங்கும்போது, மிச்சமிருக்கும் செடிகளில் இத்தனை பூச்சிகளும் நெருக்கியடித்து உட்கார வேண்டிவருகிறது. ஒன்றின் உடம்பு இன்னொன்றின் மேல் உரசுகிறது.

அந்த உரசல்தான் விசை. ஆய்வகத்தில், தனியாக வளர்த்த ஒரு வெட்டுக்கிளியின் பின்னங்கால் தொடையை மெல்லிய தூரிகையால் விட்டுவிட்டுத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அதன் குணம் மாறிவிடுகிறது. விலகிப் போனது, மற்றவற்றைத் தேடிப் போகிறது. நரம்பு மண்டலத்தில் செரடோனின் என்ற வேதிப்பொருள் ஏறுவதே இதற்குக் காரணம் என்று கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள். அடுத்தடுத்த தலைமுறைகளில் நிறமும் உடலும்கூட மாறும்: குஞ்சுகள் கறுப்பும் மஞ்சளுமாக, இளம் பூச்சி இளஞ்சிவப்பாக, முதிர்ந்தது பளிச்சென்ற மஞ்சளாக. பார்ப்பவர் இரண்டு வேறு பூச்சி என்றுதான் நினைப்பார். ஒரே பூச்சியின் இரண்டு அவதாரங்களை வெவ்வேறு இனம் என்றே அறிவியல் உலகமும் ரொம்ப நாள் நம்பியிருந்தது. ரஷ்யப் பேரரசில் பிறந்து லண்டனில் குடியேறிய பூச்சியியல் அறிஞர் போரிஸ் உவாரோவ், 1921-ல் இடப்பெயர்ச்சி வெட்டுக்கிளியை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தார்.

இன்று உலகம் செய்யும் வெட்டுக்கிளித் தடுப்பு முழுவதும் அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. திரள் வானத்திலிருந்து குதிக்கவில்லை, எங்கோ ஒரு மணல்வெளியில் சாதுவாக இருந்த பூச்சி குணம் மாறித்தான் திரள் ஆகிறது என்றால், அது குணம் மாறும் இடத்துக்கே போய் நிறுத்திவிடலாம் அல்லவா?

நிறுத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் திரளில் 4 கோடி முதல் 8 கோடி பூச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றும் தினமும் தன் எடை அளவுக்கு, அதாவது சுமார் 2 கிராம் தின்னும். சிறிய திரளே ஒரு நாளில் 35,000 பேரின் சாப்பாட்டைத் தின்றுவிடும். காற்று கூடினால் ஒரே நாளில் 150 கிலோமீட்டர் போகும். 1988-ல் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியவை அட்லாண்டிக் கடலையே தாண்டி கரீபியன் தீவுகளில் போய் இறங்கின.

யாரும் பார்க்காத ஒன்பது மாதம்

அரேபியத் தீபகற்பத்தின் தெற்கில் ரப் அல் காலி என்ற மணற்கடல் இருக்கிறது. சவூதி, ஓமன், ஏமன், ஐக்கிய அரபு அமீரகம் என்று நான்கு நாடுகளுக்குள் பரந்து கிடக்கிறது. 1940-களில் வில்ஃப்ரெட் தெசிகர் என்ற ஆங்கிலேயர், பெதோயின் ஆட்களோடு ஒட்டகத்தில் இந்த மணலைக் கடந்தார். பயண இலக்கியம் படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் அங்கே போகச் சம்பளம் கொடுத்தது யார் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் உருவாக்கிய மத்தியக் கிழக்கு வெட்டுக்கிளி எதிர்ப்புப் பிரிவு. மணலுக்குள் எங்காவது மழை பெய்து செடி முளைக்கிறதா, அங்கே வெட்டுக்கிளி பெருக வாய்ப்பிருக்கிறதா என்று பார்த்து வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவர் பூச்சியியல் படித்தவர்கூட அல்ல. மணலுக்குள் போகத் துணிந்த ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவே.

70 ஆண்டு கழித்து அதே மணலில், பார்க்க ஆள் இல்லாத நேரத்தில், அந்தச் சந்தேகம் பலித்தது.

2018 மே மாதக் கடைசியில் மெகுனு புயல் ஓமனின் சலாலா அருகே கரை கடந்தது. மணல் மேடுகளுக்கு நடுவே ஏரிகள் தேங்கின. அந்த ஈரம் காயும் முன், அக்டோபரில் லூபான் புயல் வந்தது. ஒரு புயலின் ஈரம் ஆறு மாதம் தாங்கும். இரண்டு புயல் சேர்ந்ததில் பசுமை நீண்டுகொண்டே போனது. ஒன்பது மாதத்தில் மூன்று தலைமுறை. 8,000 மடங்கு என்று மேலே சொன்னது ஏட்டுக் கணக்கு அல்ல, அங்கே நடந்தது. சாலை இல்லை, ஊர் இல்லை, கணக்கெடுப்புக் குழு இல்லை. 2019 தொடக்கத்தில் திரள்கள் மணலை விட்டு வெளியேறியபோதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

வெளியேறியவை இரண்டு வழியாகப் பிரிந்தன. ஒரு பகுதி வடக்கே சவூதி வழியாக ஈரான் போனது. அங்கே வசந்தகால மழையில் பெருகி பாகிஸ்தான், இந்தியா என்று நகர்ந்தது. 2019 மே 21-ல் ஜெய்சல்மேரில் தென்பட்டது. இன்னொரு பகுதி ஏமனுக்குள் போனது. ஏமனில் முன்பு திறமையான வெட்டுக்கிளித் தடுப்புக் குழுக்கள் இருந்தன. உள்நாட்டுப் போர் அந்த வேலையைச் சிதைத்திருந்தது. பூச்சியைப் பார்த்தாலும் மருந்து வண்டி அந்தப் பக்கம் போக முடியாத நிலை. அங்கே பெருகியவை செங்கடலையும் ஏடன் வளைகுடாவையும் தாண்டி எத்தியோப்பியா, சோமாலியாவில் இறங்கின. 2019 டிசம்பரில் சோமாலியாவை இன்னொரு புயல், பவான், நனைத்தது. அந்த மாதக் கடைசியில் திரள்கள் கென்யாவுக்குள் நுழைந்தன.

கென்யாவில் 70 ஆண்டாக அப்படி ஒரு படையெடுப்பு இல்லை. வெட்டுக்கிளிக்கு மருந்து அடித்த அனுபவம் உள்ள அதிகாரி ஒருவரும் பணியில் இருந்திருக்க முடியாது. அவர்களுடைய தாத்தாக்கள் காலத்து விஷயம். வடகிழக்குக் கென்யாவில் ஒரு திரளின் நீளம் 60 கிலோமீட்டர், அகலம் 40 கிலோமீட்டர். குறைந்தபட்சக் கணக்கு வைத்தாலும் 9,000 கோடிக்கு மேற்பட்ட பூச்சிகள். சோமாலியாவும் பாகிஸ்தானும் தேசிய அவசரநிலை அறிவித்தன.

கிழக்கு ஆப்பிரிக்காவுக்கென்றே 1962-ல் தொடங்கிய கூட்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. சொந்த விமானங்கள், விமானிகள், மருந்து தெளிக்கும் கருவிகள் எல்லாம் உண்டு. உறுப்பு நாடுகள் சந்தா கட்டி நடத்த வேண்டும். வெட்டுக்கிளி வராத ஆண்டுகளில் சந்தா நிலுவை ஏறிக்கொண்டே போனது. பூச்சி வந்தபோது, போதுமான விமானம் பறக்கும் நிலையில் இல்லை. நம் ஊர் ஏரிப் பாசன சங்கங்களைத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதுக்கதை அல்ல.

கோயம்புத்தூரிலிருந்து போனவர்

நாடுகள் சேர்ந்து வெட்டுக்கிளியைத் தடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1920-ல் ரோமில் இதற்காகவே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1930-களில் ரோம், பாரிஸ், லண்டன், கெய்ரோ, பிரஸ்ஸல்ஸ் என்று வரிசையாக மாநாடுகள் நடந்தன. ஆனால் மாநாட்டில் பேச ஏதாவது விவரம் வேண்டுமே? அதை மணலில் அலைந்து சேகரித்தவர்களில் ஒருவருக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு.

ஒய்.ராமச்சந்திர ராவ் சென்னை மாகாண வேளாண் துறையில், கோயம்புத்தூரில் வேலை பார்த்த பூச்சியியல் அறிஞர். 1926 முதல் 1931 வரை வடமேற்கு இந்தியாவை வெட்டுக்கிளி சூறையாடியபோது, சுமார் 10 கோடி ரூபாய்ப் பயிர் போனதாகக் கணக்கு. அன்றைய 10 கோடி. அதன் விளைவாகத் தொடங்கிய வெட்டுக்கிளி ஆராய்ச்சிக்கு அவர் தலைமை ஏற்றார். பலூசிஸ்தான் கடற்கரை, சிந்து, ராஜபுதனம் என்று 1930-கள் முழுக்க அவருடைய குழு அலைந்தது. பூச்சி இல்லாத காலத்தில் பூச்சி எங்கே இருக்கிறது என்பதைத் தேடியது. பசுமைப் புரட்சிக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னங்களில் ஒரு சின்ன மூலை இவருக்கும் தரலாம். இவர் எழுதி 1960-ல் வெளிவந்த பெரிய நூல், இந்தியாவில் இந்தப் பூச்சியைப் பற்றி யார் படிக்க ஆரம்பித்தாலும் இன்றும் தொட வேண்டிய ஒன்று.

அந்த உழைப்பின் மேல்தான் 1939-ல் இந்தியாவின் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு தொடங்கியது. அதன் கிளை நிலையம் கராச்சியில் இருந்தது. 1947-ல் நாடு பிரிந்தபோது அந்த வேலையும் பிரிந்தது. இன்று ஜோத்பூரில் இருக்கும் இந்திய அதிகாரிகளும் கராச்சியில் இருக்கும் பாகிஸ்தான் அதிகாரிகளும், ஒரு தகப்பன் வைத்துவிட்டுப் போன நோட்டுப் புத்தகத்தைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். மழைக்காலத்தில் ஜோத்பூருக்கும் கராச்சிக்கும் வயர்லெஸ்ஸில் தகவல் போய்வரும் வழக்கமும் இருந்தது.

இந்தியப் பக்கம் கண்காணிக்க வேண்டிய பாலைவனம் சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். ஜெய்சல்மேர், பீகானேர், பலோதி, பார்மேர், புஜ் என்று ராஜஸ்தானிலும் குஜராத்திலுமாகப் பத்து வட்ட அலுவலகங்கள். வேலை என்னவோ பார்வைக்குச் சாதாரணமானது. ஜீப்பில் போகிறார்கள். பச்சை தெரியும் இடத்தில் நிறுத்துகிறார்கள். மணலைத் தோண்டி ஈரம் எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பிறகு புதர்களுக்கு நடுவே நேர்கோட்டில் நடக்கிறார்கள்; கால் பட்டுக் கிளம்பிப் பறப்பவற்றை எண்ணுகிறார்கள். பெரும்பாலும் விடை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையும் எழுதியாக வேண்டும். இன்று அதைக் கையடக்கக் கருவியில் ஏற்றினால், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு செயற்கைக்கோள் வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

மவுரிடேனியா, சூடான், ஓமன், ஈரான், இந்தியா என்று எல்லா இடத்துப் பூஜ்யங்களும் ஒன்றுகளும் ரோமில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை நிறுவனத்தின் வெட்டுக்கிளித் தகவல் மையத்துக்குப் போகின்றன. 1978 வரை லண்டன் செய்துவந்த வேலை அது. மழை, காற்று, செயற்கைக்கோளில் தெரியும் பசுமை எல்லாவற்றையும் வைத்து மாதாமாதம் முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். இதற்குக் கீழே மூன்று வட்டாரக் குழுக்கள். 1964-ல் தொடங்கிய தென்மேற்கு ஆசியக் குழுவில் இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான். ஒவ்வொரு வசந்தத்திலும் ஈரான், பாகிஸ்தான் அதிகாரிகள் சேர்ந்து இரு பக்கத்துப் பலூசிஸ்தானிலும் சுற்றி வருவார்கள். ஜூன் மாதம் தாருக்கு எவ்வளவு வரும் என்பதற்கான முதல் அறிகுறி அங்கேதான் கிடைக்கும். ஈரானியக் கடற்கரையில் ஏப்ரலில் அடிக்கும் மருந்து, பார்மேர் விவசாயியின் கம்புக்காகவும்தான் அடிக்கப்படுகிறது.

ஜெய்ப்பூர் மாடிகளில்

2020-ல் அந்த ஏற்பாடு தாங்கியதா? பாதி.

வழக்கமாக ஜூன், ஜூலையில் மழையோடு வரும் திரள்கள் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வந்துவிட்டன. பாலைவனம் காய்ந்து கிடந்தது. தங்கித் தின்ன எதுவும் இல்லாததால், முட்டையிடும் வயது வராத இளஞ்சிவப்புப் பூச்சிகள் காற்றோடு கிழக்கே கிளம்பின. மே 25-ல் ஜெய்ப்பூர் வீட்டு மாடிகளை மூடின. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று நகர்ந்தன. ஜூன் 27-ல் டெல்லியை ஒட்டிய குருகிராமின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பறந்தன. விமானம் இறக்கும்போதும் ஏற்றும்போதும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி விமானிகளுக்குச் சுற்றறிக்கை போனது.

கிராமங்களில் தட்டு, டிரம், கல்யாண டி.ஜே. செட் என்று கையில் கிடைத்ததை வைத்துச் சத்தம் போட்டு விரட்டினார்கள். தன் வயலிலிருந்து பக்கத்து வயலுக்கு விரட்ட அது போதும். கொல்லும் வேலை இரவில் நடக்கும். சாயங்காலம் திரள் மரங்களிலும் புதர்களிலும் இறங்கிவிடும். குளிரில் அசையாது. எங்கே இறங்கியது என்று ஊர்க்காரர் தகவல் தந்ததும், மருந்துத் தெளிப்பான் பொருத்திய வண்டிகள் இருட்டில் போய்ச் சேர வேண்டும். மறுநாள் வெயில் ஏறி இறக்கை சூடாகும் முன் வேலை முடிய வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு ஒரு லிட்டரோ அதற்கும் குறைவோதான் மருந்து, தண்ணீர் கலக்காமல், பனிப்புகை போல. உயரமான மரங்களுக்கும் வண்டி போகாத மேடுகளுக்கும் ட்ரோன். வெட்டுக்கிளிக்கு ட்ரோனில் மருந்து அடித்த முதல் நாடு இந்தியா என்று மத்திய அரசு சொல்லிக்கொண்டது. விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்களிலும் தெளிப்பான் பொருத்தினார்கள்.

அந்த மே மாதம் தமிழ்நாட்டிலும் பீதி பரவியது நினைவிருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கஞ்செடிகளைக் கூட்டமாக மொய்த்த பூச்சிகளின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. முந்தைய ஆண்டு வந்த ‘காப்பான்’ படத்து வெட்டுக்கிளிக் காட்சிகளையும் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தார் போய்ப் பார்த்து, இது உள்ளூர் வெட்டுக்கிளி, பாலைவன ரகம் அல்ல என்று சொன்ன பிறகே ஓய்ந்தது. பாலைவன வெட்டுக்கிளிக்குத் தக்காணத்துக்குத் தெற்கே வந்து குடியேறும் வழக்கம் இல்லை. அதற்கு வேண்டிய மணலும் வறட்சியும் இங்கே இல்லை.

அரசியல் பக்கம் என்ன நடந்தது? ஈரான், பாகிஸ்தான் இரண்டையும் சேர்த்து முத்தரப்பு நடவடிக்கை எடுக்கலாம், மருந்தும் தருகிறோம் என்று இந்தியா சொன்னது. ஈரான் ஒப்புக்கொண்டது. மத்திய அரசு நிறுவனமான எச்.ஐ.எல். தயாரித்த 25 டன் மாலத்தியான் கப்பலேறியது. பாகிஸ்தானிடமிருந்து அப்போது சாதகமான பதில் வரவில்லை என்றே செய்திகள் வந்தன. ஆனால் அதிகாரிகள் மட்டத்தில் பேச்சு நிற்கவில்லை. கொரோனா ஊரடங்கில் நான்கு நாட்டுப் பூச்சியியலாளர்களும் ஐ.நா. நிறுவனத்தின் ஏற்பாட்டில் வாராவாரம் இணையவழியே கூடினார்கள். மேலே கதவு சாத்தியிருந்தபோது கீழே ஜன்னல் திறந்தே இருந்தது என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். தகவல் எல்லை தாண்டியது, சரி. வண்டியும் விமானமும் தாண்டவில்லை. திரள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டரில் இறங்கியிருந்தால், இந்தப் பக்கத்து வண்டி வேடிக்கை பார்ப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. விடிந்ததும் அது பறந்துவந்த பிறகே கைவைக்கலாம்.

வராத பூச்சிக்கு யார் பணம் கொடுப்பது?

ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. அதற்கு விலையும் பெரியது.

2003 இலையுதிர்காலத்தில் மவுரிடேனியா, மாலி, நைஜர், சூடான் பகுதிகளில் வெட்டுக்கிளி கூடத் தொடங்கியது. அக்டோபரில் செனகலின் டகாரிலிருந்து மொராக்கோ மலைகள் வரை கனமழை. எச்சரிக்கை போனது. 2004 தொடக்கத்தில் 90 லட்சம் டாலர் இருந்தால் அடக்கிவிடலாம் என்று ஐ.நா. நிறுவனம் கேட்டது. பணம் வரவில்லை. சில மாதங்களில் தேவை 10 கோடி டாலராக ஏறியது. தொலைக்காட்சியில் திரள்களின் படம் வந்த பிறகுதான் நன்கொடை நாடுகள் கையை நீட்டின. கடைசியில் 1.3 கோடி ஹெக்டேருக்கு மருந்து அடித்து, 40 கோடி டாலருக்கு மேல் செலவாகி 2005-ல் அடங்கியது. பயிர்ச் சேதம் 250 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பெருஞ்செலவில், மேற்கு ஆப்பிரிக்காவில் 170 ஆண்டுகள் தடுப்பு வேலை செய்திருக்கலாம் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்.

170 ஆண்டு. இந்தக் கணக்கைப் படிக்கும் எந்த நிதி அமைச்சரும் தடுப்புக்கு உடனே பணம் ஒதுக்கிவிடுவார் என்று தோன்றும். ஒதுக்க மாட்டார். ஏனென்றால் தடுப்பு ஜெயித்தால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. வராத திரளுக்குப் படம் கிடையாது. பத்து ஆண்டு பூச்சி வராவிட்டால், இந்த ஜீப் எதற்கு, இத்தனை பேர் எதற்கு என்று தணிக்கை அதிகாரி கேட்பார். பதவிகள் காலியாகும், வண்டிகள் துருப்பிடிக்கும், பழைய ஆட்கள் ஓய்வு பெறுவார்கள். அப்போது ஒரு புயல் வரும். இந்தியாவில் 1993-க்குப் பிறகு 2019 வரை பெரிய படையெடுப்பு இல்லை. ஒரு அதிகாரியின் பணிக்காலமே அதற்குள் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மவுரிடேனியா ஏழை நாடு. அதன் பாலைவனத்தில் பயிர் கொஞ்சம்தான். அங்கே பெருகும் பூச்சி போய் அழிப்பது மொராக்கோவின், அல்ஜீரியாவின் வயல்களை. தன் வயலுக்காக அல்லாமல் அடுத்தவன் வயலுக்காக ஒரு ஏழை நாடு எத்தனை நாள் செலவு செய்யும்? 2000-ல் அல்ஜியர்ஸில் தலைமையகத்தோடு தொடங்கிய மேற்கு வட்டாரக் குழு, 2005-க்குப் பிறகுதான் இதற்கு உருப்படியான விடை தேடியது. உறுப்பு நாடு ஒவ்வொன்றிலும் வெட்டுக்கிளிக்கென்றே தனி நிறுவனம், பொதுநிதியில் எல்லோருடைய சந்தா, ஒரே மாதிரிப் பயிற்சி. 2019-21-ல் கிழக்கே அத்தனை நடந்தபோதும் மேற்கு வட்டாரம் பெரிய அடி இல்லாமல் தப்பியது. திரள்கள் அங்கே போய்ச் சேரவில்லை என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் வந்தால் எதிர்கொள்ள ஆட்கள் தயாராக நின்றார்கள்.

கிழக்கிலும் கடைசியில் பணம் வந்தது, தாமதமாக. 2020 ஜனவரியில் 7 கோடி டாலரைச் சுற்றிக் கேட்டார்கள். முடிவில் திரட்டியது சுமார் 23 கோடி. 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் மருந்து அடித்து, 45 லட்சம் டன் பயிரைக் காப்பாற்றியதாக ஐ.நா. நிறுவனம் கணக்குச் சொல்கிறது.

மருந்தும் விஷம்தான்

அந்த 20 லட்சம் ஹெக்டேரில் விழுந்தது பெரும்பாலும் மாலத்தியான், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள். வெட்டுக்கிளியோடு தேனீயும் சாகும். பூச்சி தின்னும் பறவைக்கும் சேரும். அரேபியாவில் வெட்டுக்கிளியை வறுத்துத் தின்பது பழைய வழக்கம். மருந்து பட்டதா இல்லையா என்று பார்த்து யார் வாங்குவது? மேய்ச்சல் நிலத்தில் அடித்தால் சில நாள் ஆடுமாட்டை ஓட்டக் கூடாது. ஆனால் சோமாலிய மேய்ப்பரிடம் போய்ச் சொல்ல வேறு புல்வெளி வேண்டுமே.

மாற்று இருக்கிறது. மெட்டாரைசியம் அக்ரிடம் என்ற பூஞ்சை வெட்டுக்கிளி இனத்தை மட்டும் தாக்கும். நைஜரில் கிடைத்த வகையை வைத்து 1990-களில் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று இதை மருந்தாக்கியது. 2020-ல் சோமாலியா இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. குறை ஒன்றுதான்: பூச்சி சாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். இறக்கை முளைக்காத குஞ்சுக்கு அது போதும். நாளைக்கே பறந்துபோகும் திரளுக்குப் போதாது. அதாவது, முன்கூட்டிக் கண்டுபிடித்தால் மட்டுமே நல்ல மருந்தைப் பயன்படுத்த முடியும், பிந்தினால் விஷம்தான். பாகிஸ்தானின் ஒகாரா பகுதியில் இன்னொன்றும் முயன்றார்கள். மருந்து அடிக்காத இடத்தில் இரவில் பூச்சியைப் பிடித்துவந்தால் கிலோவுக்கு 20 ரூபாய், கோழித் தீவனத்துக்கு. திரளை ஒழிக்க இது போதாது. ஆனால் வயல் போனவர் கைக்கு ஒரு ராத்திரியில் நாலு காசு வந்தது. சீனா ஒரு லட்சம் வாத்துகளை அனுப்பப்போகிறது என்று அப்போது ஓடிய செய்தியைவிட இது எவ்வளவோ மேல். பாலைவனத்தில் வாத்து என்ன குடிக்கும் என்று சீனப் பேராசிரியர் ஒருவரே கேட்டுவிட்டார்.

புயல்கள் கூடிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் மட்டும் வட இந்தியப் பெருங்கடலில் எட்டுப் புயல்கள். அரபிக்கடலில் ஒரு புயல் உருவானால் நாம் மழையை நினைக்கிறோம். ரோமில் இருப்பவர்கள் அது மணலில் எங்கே விழும் என்று பார்க்கிறார்கள். செயற்கைக்கோள் பசுமையைக் காட்டிவிடும். அந்தப் பசுமைக்குள் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க இன்னும் ஒரு ஆள் நடந்துதான் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆளை அனுப்ப ஏமனில் எந்த அரசிடம் அனுமதி கேட்பது, சோமாலியாவில் எந்தக் குழுவிடம் கேட்பது என்பதெல்லாம் பூச்சியியல் பாடத்தில் வராத கேள்விகள்.

விடை கிடைக்கும் இடங்களும் உண்டு. 2023-ல் வட ஆப்கானிஸ்தானின் கோதுமை வயல்களில் மொராக்கோ வெட்டுக்கிளி என்ற வேறொரு ரகம் பெருகியது. 12 லட்சம் டன் வரை, அதாவது விளைச்சலில் கால்பங்கு போய்விடலாம் என்று ஐ.நா. நிறுவனம் எச்சரித்தது. காபூலில் ஆட்சியில் இருந்த தாலிபான்களை இந்தியா அங்கீகரிக்கவில்லை. பாகிஸ்தான் வழியாகச் சரக்கு அனுப்புவது எளிதல்ல. 2024 ஜனவரியில் 40,000 லிட்டர் மாலத்தியான் இந்தியாவிலிருந்து ஈரானின் சாபஹார் துறைமுகம் வழியாக ஆப்கானிஸ்தான் போய்ச் சேர்ந்தது. வறண்ட நிலத்துக்கு ஏற்ற மருந்து, தண்ணீர் அதிகம் வேண்டாம் என்று டெல்லி அதற்குக் காரணம் சொன்னது. மொராக்கோ வெட்டுக்கிளி அங்கிருந்து எல்லை தாண்டினால் போவது வடக்கே, தஜிகிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும். ராஜஸ்தானுக்கு அது வருவதில்லை.